267 வயசு மீனும் ஒரு அக்டோபர் மதியமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு மீனைப் பத்தி. பைக் மீன். பேரைக் கேட்டதும் புல்லட், பல்சர்னு போயிடாதீங்க. இது ஐரோப்பாவோட ஆறுகள்லயும் ஏரிகள்லயும் இருக்கற ஒரு வேட்டை மீன். உருவத்துல நம்ம ஊர் சீலா மாதிரி நீளம். குணத்துல விரால் மாதிரி. செடிகொடிக்கு நடுவுல ஆடாம அசையாம நிற்கும், இரை பக்கத்துல வந்ததும் ஒரே பாய்ச்சல். வாத்து அலகு மாதிரி தட்டையான வாய். உள்ளே நூத்துக்கணக்கான பல்லு, எல்லாம் தொண்டைப் பக்கமா சாய்ஞ்சிருக்கும். உள்ளே போனது வெளியே வராது.

நான் இந்த மீனை முதல்ல பார்த்தது ஒரு ப்ராஜெக்ட் வேலையா தெற்கு ஜெர்மனில சில மாசம் இருந்தப்போ. என் டீம்ல இருந்த ஒரு நண்பனோட அப்பா, எழுபது தாண்டினவர், நெக்கார் ஆத்துல தூண்டில் போடறவர். அக்டோபர் மாசம் ஒரு சனிக்கிழமை மதியம், "நீயும் வா"ன்னு கூப்பிட்டார். கிளம்பறதுக்கு முன்னாடி நண்பன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னான். "கராஜ்ல ஒரு பலகை மாட்டியிருக்கும். அதைப் பத்தி மட்டும் அப்பாகிட்ட கேள்வி கேட்டு நோண்டாதே." அந்தப் பலகைக்கு அப்புறம் வரேன்.

நான் தூண்டில் தொடலை. ஜெர்மனில மீன் பிடிக்க லைசென்ஸ் வேணும், அதுக்குப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணணும். பைக் ஓட்டவும் லைசென்ஸ், பைக் பிடிக்கவும் லைசென்ஸ். என் வேலை பையைத் தூக்கறது, ஃபிளாஸ்க்ல இருந்து காபி ஊத்தறது.

நெக்கார்னு சொன்னதும் காட்டாறுன்னு நினைச்சுக்காதீங்க. மான்ஹைம்ல இருந்து மேலே ப்ளோகிங்கன் வரைக்கும் 27 லாக்கேட் கட்டி, சரக்குக் கப்பல் போற கால்வாயா மாத்திட்டாங்க. 1935-ல ஹைல்ப்ரான் வரைக்கும், 1958-ல ஸ்டுட்கார்ட் வரைக்கும் கப்பல் வந்தது. நாங்க உட்கார்ந்தது பழைய ஆத்தோட மிச்சம் ஒண்ணுல, ஓட்டமே இல்லாத ஒரு கிளையில. வில்லோ மரத்து இலை மஞ்சளா தண்ணில விழுந்துக்கிட்டே இருந்தது. மணி மூணுக்கே வெயில் சாய்ஞ்சு, குளிர் ஜாக்கெட்டுக்குள்ள வந்துடுச்சு. "இதுதான் சீசன்"னார் பெரியவர். இலையுதிர் காலத்துல தண்ணி குளிர ஆரம்பிக்கும், நீர்ச்செடி அழுகி விழும், சின்ன மீனுக்கு ஒளிய இடம் கம்மியாகும். பைக் குளிர்காலத்துக்கு முன்னாடி நல்லா சாப்பிடற நேரம் அது.

தூண்டில் போடறதுல முக்கால்வாசி காத்திருக்கறதுதான். அந்தக் காத்திருப்புலதான் அவர் கதையை ஆரம்பிச்சார். "இந்த ஊர்ப் பக்கம் பிடிச்ச ஒரு பைக்குக்கு 267 வயசு, தெரியுமா?"

கதை இதுதான். 1497-ஆம் வருஷம், ஹைல்ப்ரான் பக்கத்துல ஒரு ஏரில ஒரு ராட்சச பைக் சிக்குது. அதோட செவுள் பக்கம் தோலுக்குள்ள ஒரு செம்பு வளையம். அதுல கிரேக்க மொழில எழுத்து. அந்த மீனே பேசற மாதிரி: இந்த ஏரில முதன்முதலா விடப்பட்ட மீன் நான், உலகை ஆளும் இரண்டாம் ஃப்ரெட்ரிக் தன் கையாலேயே என்னை விட்டார், நாள் 1230 அக்டோபர் 5. கழிச்சுப் பாருங்க, 267 வருஷம். பின்னாடி எழுதினவங்க 19 அடி நீளம், 350 பவுண்டு எடைன்னு சேர்த்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட 6 மீட்டர். ஒரு காரை விட நீளமான மீன்.

நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சார். ஆனா அவர் சிரிப்பு "இது பொய்"ங்கற சிரிப்பு இல்ல.

நாலு மணிக்கு மேல தூண்டில் வளைஞ்சது. பெருசா சண்டையெல்லாம் இல்ல, ரெண்டு நிமிஷம் இருக்கும். நரம்போட முனையில விரல் நீளத்துக்கு எஃகுக் கம்பி வெச்சிருந்தார், இல்லேன்னா இந்தப் பல்லு நரம்பை அறுத்துடும். கைவலைல வந்த மீன் பச்சையும் மஞ்சளுமா, பாசி படிஞ்ச கண்ணாடில வெயில் பட்ட மாதிரி இருந்தது. 86 செ.மீ. அங்கே சாப்பிடறதுக்குன்னு பிடிக்கற மீனை உடனே அடிச்சுக் கொல்லணும், துடிக்க விடக் கூடாதுங்கறதுல ரொம்பக் கறார். அவர் அதை ஒரு நொடில செஞ்சார். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன், அதையும் சொல்லிடறேன்.

வீட்டுக்கு வந்து மீனைச் சுத்தம் பண்ணும்போது செவுளுக்குப் பின்னாடி இருந்து வளைஞ்ச தட்டையான ஒரு எலும்பை எடுத்து, கொதிக்கற தண்ணில போட்டு, தோலை உரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல காட்டினார். மரத்தை அறுத்தா தெரியற மாதிரி வரி வரியா இருந்தது. மீன் கோடையில வேகமா வளரும், குளிர்ல வளர்ச்சி நிற்கும். அந்த நிறுத்தம் எலும்புல கோடா பதியும். ஒரு கோடு, ஒரு வருஷம். நான் ஏழு எண்ணினேன், அவர் எட்டுன்னார். கடைசிக் கோடு ஓரத்துல நெருக்கமா இருக்கும், அதை எண்ணறதுலதான் எப்பவும் சண்டையாம்.

இதுலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. கதைல வளையம் இருந்தது எங்கே? செவுள்கிட்ட. உண்மையான வயசு எழுதியிருக்கறது எங்கே? அதே இடத்துல, ரெண்டு விரல் தள்ளி, எலும்புக்குள்ள. 1497-ல அந்த மீனைக் கையில வெச்சிருந்தவங்க செம்பைப் படிச்சாங்க, எலும்பைப் படிக்கலை.

ரூமுக்குத் திரும்பினதும் இந்தக் கதை எங்கேயிருந்து எங்கே போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் போனது தெரியலை.

இதைப் பெரிய அளவுல பரப்பினது கான்ராட் கெஸ்னர். ஜூரிக் நகரத்து மருத்துவர். உலகத்துல இருக்கற எல்லா விலங்கையும் ஒரே நூல் வரிசைல அடக்கணும்னு உட்கார்ந்தவர். மீன்களுக்கான தொகுதி 1558-ல வந்தது. அவர் முறை என்னன்னா, பழைய நூல்கள்ல இருக்கறது, ஊர் ஊரா கடிதம் எழுதி வாங்கினது, தானே பார்த்தது, எல்லாத்தையும் சேர்க்கறது. இப்பத்த மொழில சொன்னா எல்லா சோர்ஸ்ல இருந்தும் டேட்டா இழுத்து ஒரே டேபிள்ல போட்டவர், ஆனா வாலிடேஷன் எல்லா வரிக்கும் நடக்கலை. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. தனி ஆளா அவ்வளவு வேலை பார்த்துட்டு, 49 வயசுல பிளேக்ல செத்துப் போன மனுஷன்.

அடுத்து கதை கடல் தாண்டுது. 1653-ல லண்டன்ல ஐசக் வால்டன் தூண்டில் மீன்பிடிப்பைப் பத்தி ஒரு நூல் போடறார், 'த கம்ப்ளீட் ஆங்ளர்'. நாலு வருஷத்துக்கு முன்னாடிதான் இங்கிலாந்துல ராஜாவோட தலையை வெட்டியிருக்காங்க. வால்டன் ராஜா கட்சி, தோத்த பக்கம். அந்த நேரத்துல ஆத்தங்கரை, நண்பர்கள், மீன்னு ஒரு நூல் எழுதறார். இன்னைக்கு வரைக்கும் அச்சுல இருக்கு. அதுல பைக் அத்தியாயத்துல நம்ம மீன் வருது, கெஸ்னர் பேரைச் சொல்லியே. ஆனா வருஷம் 1449-ஆகிடுச்சு. இடம் ஸ்வீடன் ஆகிடுச்சு. கிரேக்க எழுத்தைப் படிச்சுச் சொன்னவர் மட்டும் வோர்ம்ஸ் நகரத்து பிஷப்பாவே இருக்கார். வோர்ம்ஸ் இருக்கறது ஜெர்மனில, ஹைல்ப்ரான்ல இருந்து கொஞ்ச தூரம்தான். ஸ்வீடன்ல பிடிச்ச மீனோட வளையத்தைப் படிக்க இந்த பிஷப் ஏன் போறார்? வால்டன் கேட்கலை. ஹைல்ப்ரான் இருக்கற பகுதி ஸ்வேபியா, லத்தீன்ல சுவேவியா. அதை யாரோ சுவீடியான்னு படிச்சிருக்கணும்ங்கறது என் ஊகம். நம்ம வாட்ஸ்அப் ஃபார்வர்டுல கோயம்புத்தூர் சம்பவம் மூணாவது குரூப்புக்குப் போகும்போது கோட்டயம் ஆகுமே, அதே வியாதி.

வால்டனுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். அதே அத்தியாயத்துல அவர் ஃபிரான்சிஸ் பேக்கனையும் மேற்கோள் காட்டறார்: பைக் நன்னீர் மீன்கள்லயே ரொம்ப நாள் வாழறதுதான், ஆனாலும் சாதாரணமா 40 வருஷத்துக்கு மேல போகாது, பத்து வருஷம்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க. 200-ம் இருக்கு, 40-ம் இருக்கு, 10-ம் இருக்கு, எல்லாம் ஒரே பத்திக்குள்ள. எதை எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ண அவர்கிட்ட வழி இல்ல.

வழி இருந்ததா? ரெண்டு இருந்தது. ஒண்ணு மீன்கிட்ட, ஒண்ணு அந்த வளையத்துலயே.

வளையத்துல இருந்து ஆரம்பிக்கலாம். பொய் சொல்றவங்க ஒரு தேதி கொடுத்தா நமக்கு அதிர்ஷ்டம், ஏன்னா தேதியைச் சோதிக்கலாம். 1230 அக்டோபர் 5 அன்னைக்கு இரண்டாம் ஃப்ரெட்ரிக் எங்கே இருந்தார்? அவர் சாதாரண ஆள் இல்ல. சிசிலி ராஜா, புனித ரோமப் பேரரசர். போப் அவரை 1227-ல மதத்தை விட்டே விலக்கி வெச்சார். அப்படி இருந்தும் சிலுவைப்போருக்குப் போய், 1229-ல பேச்சுவார்த்தைலயே ஜெருசலேமை வாங்கினார். திரும்பி வந்து 1230 கோடையில போப்போட சமாதானம். செப்டம்பர்ல ரோமுக்குப் பக்கத்துல அனான்யி ஊர்ல ரெண்டு பேரும் நேர்ல சந்திச்சாங்க. அந்த இலையுதிர் காலம் அவர் இருந்தது இத்தாலில. ஜெர்மனியை விட்டு 1220-ல் கிளம்பியவர் 1235 வரைக்கும் அங்கே கால் வைக்கவே இல்லை. ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரில "தன் கையால" மீன் விட அவரால முடிஞ்சிருக்காது.

இந்தச் சோதனையை 1497-லயே பண்ணியிருக்கலாம். பேரரசர் எங்கே எப்போ இருந்தார்ங்கறது ரகசியமா என்ன? அந்த வோர்ம்ஸ் பிஷப், யோஹான் ஃபான் டால்பெர்க், ஹைடெல்பெர்க் அரசவையோட நெருக்கமான பெரிய படிப்பாளி. அந்தக் காலத்துல அந்த வட்டாரத்துல கிரேக்கம்ங்கறது புதுசா வந்த மோகம். படிக்கத் தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணலாம். 13-ஆம் நூற்றாண்டுல ஒரு ஜெர்மன் ஏரி மீனுக்கு கிரேக்கத்துல எழுத எந்தக் காரணமும் இல்ல, அவர் அரசாங்கம் நடந்தது லத்தீன்ல. 1497-ல ஹைடெல்பெர்க் பக்கம் கிரேக்கத்துல எழுத நிறையக் காரணம் இருந்தது. யாரோ படிச்ச பசங்க பண்ணின குறும்புன்னு எனக்குத் தோணுது. நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனா காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த யாருக்கும் இந்த வாசனை தெரியும்.

புதுக் கதையும் இல்ல. ரோமானிய எழுத்தாளர் ப்ளினி, அலெக்ஸாண்டர் தங்கக் கழுத்துப்பட்டை போட்ட மான்கள் நூறு வருஷத்துக்கு அப்புறம் பிடிபட்டதுன்னு எழுதியிருக்கார். பிரான்ஸ்ல ஆறாம் சார்லஸ் ராஜாவுக்கு, சீசர் மாட்டின பட்டையோட ஒரு மான் கிடைச்சதா கதை. ராஜா பேரை மாத்து, மிருகத்தை மாத்து, டெம்ப்ளேட் அதேதான். நெக்காருக்கு மேற்கே கைசர்ஸ்லாட்டர்ன் ஊர்க்காரங்க, மீன் பிடிபட்டது எங்க குளத்துலன்னு சொல்லிக்கறாங்க. அவங்க நகரச் சின்னத்துலயே ஒரு மீன் இருக்கு.

எனக்கு இதுல ரொம்ப உறுத்தினது வேற. ஃப்ரெட்ரிக் வல்லூறு வளர்ப்பைப் பத்தி லத்தீன்ல பெரிய நூல் ஒண்ணு எழுதினவர். அதுல அரிஸ்டாட்டிலையே கண்டிக்கறார், காதால கேட்டதை எழுதிட்டார், பறவையைப் பார்த்து எழுதலைன்னு. கழுகு இரையை மூக்கால கண்டுபிடிக்குதா, கண்ணாலயான்னு தெரிஞ்சுக்க, கண்ணை மூடி வெச்சுப் பார்த்தார். ஒரு வகை வாத்து கடல்ல மிதக்கற மரக்கட்டையில காய்க்குதுன்னு ஐரோப்பா முழுக்க நம்பின நேரத்துல, அந்தக் கட்டையை வரவழைச்சுப் பார்த்துட்டு, இதுல பறவை உருவம் எதுவும் இல்லைன்னு எழுதினார். அப்படிப்பட்ட ஆளோட பேரைத்தான் வரலாற்றுலயே பெரிய மீன் புளுகுக்கு முத்திரையா குத்தியிருக்காங்க.

இப்போ மீன்கிட்ட இருந்த வழி. அந்த 19 அடி மீனோடதுன்னு ஒரு எலும்புக்கூட்டை மான்ஹைம் தேவாலயத்துல ரொம்ப நாள் காட்சிக்கு வெச்சிருந்ததா சொல்லப்படுது. 19-ஆம் நூற்றாண்டுல உடற்கூறு தெரிஞ்ச ஒருத்தர் முதுகெலும்புக் கணுக்களை எண்ணியிருக்கார். ஒரு பைக்குக்கு இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிகம். பல மீன்களோட கணுக்களைக் கோத்து நீளமாக்கியிருக்காங்க. ரயில்ல கூடுதல் பெட்டி சேர்க்கற மாதிரி.

அதே முதுகெலும்புக் கணு, அதுக்கு ரொம்ப முன்னாடியே வேற ஒருத்தர் கையில உண்மையைச் சொல்லிடுச்சு. ஹான்ஸ் ஹெடர்ஸ்ட்ரோம், ஸ்வீடன்ல ஒரு பாதிரியார். வால்டன் தப்பா மீனைக் கொண்டு போய்விட்ட அதே ஸ்வீடன். 1759-ல அந்த நாட்டு அறிவியல் கழகத்தோட வெளியீட்டுல மீன்களோட வயசைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். முதுகெலும்புக் கணுவுல இருக்கற வளையங்களை எண்ணினா வயசு தெரியும்னு காட்டினார். அவர் எண்ணின மீன்கள்ல பைக் இருந்தது. அவர் போட்ட வயசுகள் இன்னைக்கு நமக்குத் தெரியற வளர்ச்சியோட நல்லாவே ஒத்துப் போகுது. நூறு வருஷத்துக்கு மேல அதை யாரும் பெருசா கண்டுக்கலை. 1898-ல ஹோஃப்பௌவர்ங்கற ஜெர்மன்காரர் கெண்டை மீனோட செதில்ல வளையங்களைக் காட்டின பிறகுதான் இது ஒரு முறையா வேர் பிடிச்சது. பைக்குக்கு இப்போ ரொம்ப நம்பகமானது செவுளுக்குப் பின்னாடி இருக்கற அந்தத் தட்டை எலும்பு, பெரியவர் ஜன்னல்கிட்ட காட்டினாரே அது.

அந்த எலும்பு சொல்ற கணக்குல பைக் பெரும்பாலும் 10, 15 வருஷம். 25-ஐத் தாண்டறது அபூர்வம். தூண்டில்ல பிடிச்சதுல உலக சாதனை 25 கிலோ. அதுவும் ஜெர்மனிதான், க்ரெஃபெர்ன் ஏரி, 1986 அக்டோபர் 16. மறுபடி அக்டோபர். ஒன்றரை மீட்டரை எட்டற பைக்கே உலக அதிசயம்.

இப்போ அந்தப் பலகை.

அன்னைக்குச் சாயங்காலம் சைக்கிள் எடுக்க கராஜுக்குப் போனப்போ பார்த்தேன். கறுத்துப் போன ஓக் பலகை. அதுல ஆணி அடிச்ச ஒரு பைக்கோட கீழ்த்தாடை. கீழே பெயிண்ட்ல: 1961 அக்டோபர், 1 மீ 41. பெரியவரோட அப்பா பிடிச்சது. மகன் நோண்டாதேன்னது ஏன்னு அப்போ புரிஞ்சது. அப்பா பிடிச்ச அந்த மீனைப் பத்தி ஊர்ல யாரோ முன்னாடி சந்தேகப்பட்டு, பெரிய மனஸ்தாபம் ஆகியிருக்கு.

நான் எதுவும் கேட்கலை. ஆனா மூளை சும்மா இருக்காதே. மதியம் பிடிச்ச மீன் 86 செ.மீ., அதோட கீழ்த்தாடை 14. பலகையில இருந்தது என் கைச் சாணை விடக் கொஞ்சம் கம்மி, 19 இருக்கும். விகிதத்தைப் போட்டா 117. 1 மீ 41-க்கு 23 செ.மீ. தாடை வேணும். காய்ஞ்சா எலும்பு கொஞ்சம் சுருங்கலாம், தாடை எல்லா வயசுலயும் ஒரே விகிதத்துல வளரணும்னு இல்ல, என்கிட்ட இருந்த சாம்பிள் ஒரே ஒரு மீன். அப்படியே வெச்சுக்கிட்டாலும் 24 செ.மீ. வித்தியாசத்தை அதுல அடைக்க முடியாது. 117-ங்கறதே ஒரு மனுஷன் வாழ்நாள்ல ஒரு தடவை பிடிக்கற மீன். அதோட நிறுத்தியிருக்கலாமேன்னு தோணுச்சு.

ஒரு மாசம் கழிச்சு, இந்த ஆராய்ச்சியெல்லாம் முடிஞ்சு, அவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஃப்ரெட்ரிக் தேதிக் கதையைச் சொன்னேன். பெரியவருக்கு ஒரே குஷி. "இத்தாலிலயா இருந்தான்! இத்தாலிலயா!"ன்னு மேஜையைத் தட்டினார். மனைவியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். அப்புறம் கிளாஸைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்த்தார். "கராஜ்ல இருக்கற பலகையை நீ பார்த்தே. எவ்வளவுன்னு கணக்குப் போட்டே?"

நண்பன் என் காலை மிதிச்சான். கெஸ்னரையும் வால்டனையும் கேள்வி கேட்கலைன்னு அரை மணி நேரம் பேசிட்டு, இந்த இடத்துல "தெரியலை"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. 117-னு சொன்னேன். ஒரே மீனை வெச்சுப் போட்ட கணக்கு, தப்பா இருக்கலாம்னும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அவர் ஜெர்மன்ல மெதுவா சொன்னதை நண்பன்தான் மொழிபெயர்த்தான், அவனுக்கே அது புதுசு. "அதை அளந்தது என் அப்பா இல்ல. நான். எனக்கு ஒன்பது வயசு. டேப் இல்லை, குடையை வெச்சு அளந்தேன். ஒரு குடை, அப்புறம் அரைக் குடை. குடை எவ்வளவு நீளம்னு அப்பா கேட்டார், நான் ஒரு நம்பர் சொன்னேன். அவர் திரும்ப அளக்கலை, அப்படியே எழுதிட்டார்."

ஊர்ல சண்டை வந்தப்போ அவருக்கு இருபது வயசு. அப்பா மகன் பேரைச் சொல்லவே இல்லையாம். நானே அளந்தேன்னு நின்னிருக்கார்.

அந்தக் குடை பரண்ல எங்கேயோ இருக்கணும், தேடறேன்னு சொல்லியிருக்கார். போன வாரம் நண்பன்கிட்ட கேட்டேன். ரெண்டு குடை கிடைச்சிருக்கு, எதுன்னு அவருக்கு ஞாபகம் இல்லையாம்.